மூன்று கப்பல்களும் முப்பது நாள் அறிவிப்பும்

வைக்கிங்குகள் இங்கிலாந்தின் தென்கரையில் முதன்முதலாக வந்து இறங்கியபோது அவர்களை எதிர்கொண்டது படை அல்ல, ஓர் அரசு ஊழியர். மூன்று கப்பல்கள் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்ததும், வியாபாரிகளாக இருக்கும் என்று எண்ணி, அந்த வட்டார அதிகாரி குதிரையேறிப் போனார். கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, அரசரின் ஊருக்கு வந்து யார், எவர் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். அவரை அங்கேயே வெட்டிப் போட்டார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவர். வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்ததா என்பது பற்றி, இதை எழுதிவைத்த துறவிகளின் குறிப்பில் எதுவும் இல்லை.

முப்பத்து நான்கு வருடம் பதிவுத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் செய்ததில் நடைமுறைப் பிழை கிடையாது.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது என் மகளால். சென்னையில் வேலை பார்ப்பவள், முப்பத்தொரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலியார்பேட்டை வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, வஞ்சிரத்தில் முள் எடுத்துக்கொண்டே, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"எந்த ஊரு?" என்றாள் என் மனைவி.

"டென்மார்க்."

"அது எந்தப் பக்கம்?"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊருக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை புதிதல்ல. ஆனால் அவன் பிரெஞ்சுக்காரனாக இருப்பான். அவனுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். டேனிஷ்காரர்கள் வந்தது தரங்கம்பாடிக்கு. கோட்டை கட்டினார்கள், பிறகு அதை ஆங்கிலேயனிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பெண்ணைக் கொடுப்பதற்கு முன் இந்த முன்நடத்தையைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? நூலகத்துக்குப் போய் அவர்களுடைய முன்னோர்களான வைக்கிங்குகளின் பழைய கோப்புகளையும் பார்த்தேன். மடங்களைக் கொள்ளையடித்தது, அரசர்களைக் கொன்றது, கப்பம் வாங்கிக்கொண்டு போய் அடுத்த வருடம் அதே முகத்தோடு வந்து நின்றது. தினமும் மாலையில் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் எப்ப நடந்தது?" என்றாள்.

"ஆயிரத்து சொச்சம் வருஷம் இருக்கும்."

"உங்க தாத்தா சாராயக்கடை ஏலம் எடுத்தது அதுக்கப்புறம்தானே?"

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம். தமிழைப் படகுக்காரர்களிடம் கற்றிருந்தான், அதனால் வாசலில் என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "வணக்கம் ண்ணா" என்றான். நான் அண்ணன் என்றால் என் மகளுக்கு அவன் சித்தப்பா. தடை செய்யப்பட்ட உறவு. மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் குதிரையேறிய அதிகாரி செய்ததையே நானும் செய்தேன். ஆவணங்களைக் கேட்டேன். இருக்காது என்று நம்பித்தான் கேட்டேன். பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தான். பாஸ்போர்ட், விசா, தங்குமிடப் பதிவு, மணமாகாதவர் என்ற சான்று, அதன் மொழிபெயர்ப்பு, தூதரக முத்திரை. மூன்று பிரதிகள். நான் கேட்க மறந்த இரண்டு தாள்களும் இருந்தன. அந்த அதிகாரியைப் போலவே என்னையும் அங்கேயே வெட்டிப் போட்டாயிற்று.

அதன் பின் ராஜ்ஜியங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆங்கிலேயர்களிடம் அப்போது நான்கு இருந்தன. ஒன்றின் வீடு எரிவதை மற்றது சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். கிழக்கு ஆங்கிலியா, வந்தவனோடு சமாதானம் பேசி அவனுக்குக் குதிரைகளையும் கொடுத்து அனுப்பியது. என் மச்சான் தன் பழைய ஸ்கூட்டரைக் கொடுத்தார். "பாவம், தேங்காய்த்திட்டுலருந்து நடந்து வருது" என்றார். நார்த்தம்பிரியாவில் இரண்டு அரசர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு அக்காக்களும் அப்படித்தான், விருந்துக்கு முதலில் யார் வீட்டுக்குக் கூப்பிடுவது என்று. மெர்சியா தன் வழியில் ஒத்துப்போனது. என் மனைவி அவனுக்கு நெத்திலிக் குழம்பு வைத்தாள். மிஞ்சியது வெசெக்ஸ் மட்டும். அதன் அரசர் சதுப்பு நிலத்தில் போய் ஒளிந்தார். நான் மாடி அறையில்.

சதுப்பில் இருந்தாலும் சட்டம் என்னிடம் இருந்தது. அவர்கள் பதிவு அலுவலகத்தில் கொடுத்திருந்த திருமண அறிவிப்பை முப்பது நாள் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை தரலாம். தந்தால் அதிகாரி விசாரிக்க இன்னொரு முப்பது நாள் எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய வேலை ஒப்பந்தமும் விசாவும் அறிவிப்பு ஒட்டியதிலிருந்து நாற்பதாவது நாள் முடிகின்றன. ஆட்சேபணை கடைசியில் தள்ளுபடி ஆகும். ஆனால் அந்த உத்தரவைக் கோபன்ஹேகனுக்குத்தான் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும். என் பங்குக்கு ஒரே ஒரு தாள் போதும்.

இருபத்தொன்பதாம் நாள் அந்தத் தாளோடு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, இன்னும் ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். மேசையில் இருந்தது ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்.

"வாங்க சார். எதனா சர்ட்டிபிகேட்டா?"

"ஆட்சேபணை."

"யாரு கல்யாணத்துக்கு சார்?"

"என் பொண்ணு கல்யாணத்துக்கு."

வாங்கிப் படித்தாள். "காரணம் போடாம விட்டிருக்கீங்க."

"யோசிச்சிட்டிருக்கேன்."

உண்மையிலேயே யோசித்தேன். சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் சில. அவனுக்கு மனைவி இல்லை. வயது குறைவில்லை. சித்தப்பா முறை என்பது மீன்பிடித் துறைமுகத்தின் ஏற்பாடு, செல்லாது. மனநலம் மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது: டென்மார்க்கை விட்டுவிட்டு மே மாதத்தில் தேங்காய்த்திட்டில் டீசல் இன்ஜினுக்குள் தலையை விடுகிறவன். அதையும் மனசாட்சியோடு எழுத முடியவில்லை. கீழே 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற வரியின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடத்தில் அந்த வரிக்குக் கீழே நான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

"எதனா ஒண்ணு போடுங்க சார், விசாரணையில பாத்துக்கலாம்" என்றாள். "போன வருஷம் ஒருத்தர் பையனுக்குப் பைத்தியம்னு எழுதிக் குடுத்தாரு. பையன் பேங்க்ல மேனேஜரு."

"என்ன ஆச்சு?"

"தள்ளுபடிதான். ஆனா அதுக்குள்ள பொண்ணு கோச்சிக்கினு வீட்ட விட்டுப் போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு அந்த அப்பா திரும்ப வந்தாரு. அப்ளிகேஷன்ல பொண்ணோட புது நம்பர் எதனா இருக்குமான்னு கேட்டாரு."

"குடுத்தியா?"

"அதெப்படி சார் குடுக்கறது? ரூல் இல்லியே. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

நான் அறிவிப்புப் பலகையைப் பார்க்கத் திரும்பினேன். வேறெங்காவது பார்க்க வேண்டியிருந்தது. அங்கே என் மகளின் அறிவிப்பைக் காணோம். ஓர் இரத்ததான முகாம் சுவரொட்டி பலகையின் பாதியை மறைத்திருந்தது. ஓரத்தைத் தூக்கினால் அடியில் இருந்தது.

"இதான் எல்லாரும் பாக்குற இடமா?"

"நேத்து வந்து ஒட்டிட்டுப் போனாங்க சார்."

"நாளைக்கு எவனாவது அறிவிப்பே ஒழுங்கா ஒட்டலன்னு கேஸ் போட்டா கல்யாணமே கேள்விக்குறி ஆயிடும், தெரியுமில்ல? எடு அத."

"நீங்க கல்யாணத்த நிறுத்த வந்தீங்க சார்."

"அது வேற மனு. முதல்ல இத எடு."

சுவரொட்டியைக் கழற்றி, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, கண்மட்டத்தில் வைக்கும்வரை நின்றேன். பிறகு காரணம் போடாத தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள்தான் ஆட்சேபணைக்குக் கடைசி நாள். போகவில்லை.

வெசெக்ஸ் அரசர் சதுப்பிலிருந்து வெளியே வந்து டேனிஷ்காரர்களை ஜெயித்தார். ஜெயித்தவர் செய்தது என்னவென்றால், எதிரித் தலைவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தானே ஞானத்தந்தையாக நின்று, பன்னிரண்டு நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். அதற்குப் பின் அவர்கள் பாதி நாட்டில் தங்கள் சட்டத்தோடு உட்கார்ந்து ஏர் உழுதார்கள். நான்காக இருந்த ஆங்கிலேயர்கள், ஒருவன் வந்து மூன்றை விழுங்கிய பிறகுதான், ஒரே நாடாக ஆனார்கள். ஜெயித்தவருக்கே நிலைமை அது. நான் ஜெயிக்கவும் இல்லை.

முப்பத்திரண்டாம் நாள் பதிவு. மூன்று சாட்சிகள் தேவை. மச்சான், மூத்த அக்கா. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. பதிவேட்டை என் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லோரும் நின்றார்கள். அவனுக்குப் பட்டுச் சட்டையில் வியர்த்துக் கொட்டியது.

மகள் என் காதருகே குனிந்தாள். "காரணம் எதுவும் தேறலியாப்பா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்க டைப் பண்ணது என் லேப்டாப்ல."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"முப்பது நாள் டைம் உங்களுக்கும் உண்டுல்ல."

கையெழுத்துப் போட்டேன். கீழே முழு முகவரியும், அஞ்சல் குறியீட்டு எண்ணோடு.