வலப்பக்கம் இழுத்த வண்டி

என் மனைவி ஏறுவதை நிறுத்திய பிறகுதான் வண்டி வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சசி வளைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சசி என்றால் வண்டி முழுவதையும் தாங்குகிற இரும்புச் சட்டம். அது வளைந்தால் எந்தப் பட்டறையிலும் பழையபடி நிமிர்த்தித் தரமாட்டார்கள். வண்டியைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட வேண்டியதுதான்.

தூரப் பயணத்துக்கென்றே ஜப்பான்காரர் ஒரு காலத்தில் செய்த மோட்டார் சைக்கிள் அது. இரட்டைச் சிலிண்டர், தொந்தி வைத்த பெற்றோல் தாங்கி, முன்னுக்குக் காற்றை மறைக்கும் கண்ணாடி, பின்னுக்கு இரண்டு பக்கமும் பெட்டிகள். இலக்கத் தகட்டில், ஒரு காலத்தில் இலங்கை வண்டிகளுக்குக் கொடுத்த அந்தப் பழைய ஸ்ரீ எழுத்து இன்னும் இருக்கிறது. ஐஸ் கம்பனியில் இயந்திரம் பார்த்த ஆள் நான். துருவோடு சண்டை பிடித்தே தலை நரைத்தவன். மன்னார்த் தீவில் இரும்பாலான எதையும் வைத்திருப்பது உப்போடு குடித்தனம் நடத்துகிற வேலைதான். பெருநிலத்துக்குப் போகிற பாலத்தை ஒவ்வொரு முறை கடந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒயில் துணியால் உருவ வேண்டும். உடைந்த பெட்டியை மீன்பிடிப் படகு ஒட்டுகிற பைபரால் ஒட்டினேன். பின் விளக்கு ஓர் ஓட்டோவுடையது. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி வாசலில் நின்று கேட்பாள், “என்ர முகத்தை ஒருநாளாவது இப்பிடித் துடைச்சு விட்டிருப்பியளோ?” நான் அடுத்த கம்பியை உருவத் தொடங்குவேன். சொல்லி வெல்ல முடியாது.

அவளுக்கும் அந்த வண்டி வேண்டும் என்பதுதான் உண்மை. அவள் தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே வெளியூர் போவதென்றால் அனுமதி கேட்க வேண்டும், பெயர் கூப்பிடும் நாளில் ஆள் வரிசையில் நிற்க வேண்டும். திரும்பி வந்து என்னைக் கட்டிய பிறகு அவளுக்கு நகையோ சாறியோ பெரிய ஆசையாக இருக்கவில்லை. “எங்கயாவது போவம்” என்பாள். எங்கே என்று கேட்டால், “போய்ப் பாப்பம்” என்பாள். பூநகரிப் பக்கத்தால் யாழ்ப்பாணம் போனோம். திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் போனோம். அவள் எல்லாப் பெண்களையும் போல இடப்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு இருப்பாள். நான் தனியே அந்த வண்டியை எடுப்பது அபூர்வம். வேலைக்குப் போவது துவிச்சக்கர வண்டியில். பெரிய வண்டி எங்கள் இரண்டு பேருக்குமானது.

போன வருடம் கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு வெடித்தது. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அவள் நடக்கத் தொடங்கியதும், இனி வண்டியில் ஏறலாமோ என்று நான் முதல் கேட்ட கேள்வி டொக்டருக்கே சிரிப்பை வரவழைத்தது. கிட்டிய தூரம் போகலாம், ஆனால் இடுப்பைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டாக இருக்கவே கூடாது, இரண்டு பக்கமும் கால் போட்டு நேராக இருக்க வேண்டும் என்றார். அவள் வெளியே வந்ததும் சொன்னாள்:

“இந்த வயசில நான் காலை அகட்டிப் போட்டுக்கொண்டு கோயிலடியால போறதோ? சனம் சிரிச்சே செத்துப்போகும். அதை வித்துப்போட்டு ஒரு ஓட்டோ எடுங்கோ.”

எனக்கு வந்த கோபத்தை இன்னும் முழுதாக விளக்கத் தெரியவில்லை. வண்டியை விற்கச் சொன்னதற்காக அல்ல. இனி நாங்கள் இரண்டு பேரும் எங்கேயும் போகமாட்டோம் என்பதை அவள் ஏதோ மரக்கறி வாங்கச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பூசைக்குப் போகலாம். அதற்குப் பெயர் பயணமா?

பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் நீர்கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். வலப்பக்கம் கொஞ்சம் இழுக்குது, பிழையோடு விற்கக்கூடாது, திருத்திப்போட்டுச் சொல்கிறேன் என்றேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விற்காமல் இருக்க நான் சாட்டுச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். பாதி சாட்டுத்தான். ஆனால் இழுப்பதும் உண்மை. அவள் எழும்ப முடியாமல் வீட்டில் இருந்த மாதங்களில் என்ஜின் இறுகிவிடாமல் இருக்கத் தனியே ஓடிப் பார்த்தபோதெல்லாம் வண்டி வலப்பக்கம், நடு ரோட்டை நோக்கி, மெல்ல மெல்லப் போனது.

ரயரில் காற்றை மாற்றிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் நேராக நின்றது. ஹான்டிலுக்குக் கீழே இருக்கும் பெயாரிங்கைக் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் அடைத்துப் பூட்டினேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் குழாய்களில் ஒயில் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஓடினால் வலப்பக்கம் போனது. எல்லாம் சரியென்றால் சசிதானே மிச்சம்?

பட்டினத்தில் எனக்குத் தெரிந்த கராஜ் ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோனேன். கராஜ்காரர் வண்டியைப் பாலம்வரை ஓடிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

“அண்ணை, வண்டி நேராத்தான் போகுது. கையை விட்டுக்கூட ஓடிப் பாத்தனான்.”

“தம்பி, இருபது வருசத்துக்கு மேல ஓடுறன். எனக்குத் தெரியாதே?”

“அப்ப நீங்களே பாருங்கோ” என்று சாவியைக் கையில் தந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். வழி முழுக்க வலப்பக்கம் இழுத்தது.

எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில், வீட்டுக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பியபோது அவள் ஊன்றுகோலோடு வாசல் படலையடியில் நின்றாள். நான் கிட்ட வரும்வரை என்னையே பார்த்தாள்.

“ஏன் கோணலா இருக்கிறியள்?”

“ஆர் கோணல்?”

“நீங்கள்தான். வலப்பக்கம் சரிஞ்சுபோய் இருக்கிறியள். முதுகு பிடிச்சிட்டுதோ?”

நான் வண்டி ஓடுவதை அவள் அதற்கு முன் வெளியில் நின்று பார்த்ததே இல்லை. எப்போதும் வண்டியில் இருந்தவள் எப்படிப் பார்ப்பாள்? ஒழுங்கை முடிவுவரை போய்த் திரும்பி வரச் சொன்னாள். வந்தேன். “இப்பவும் கோணல்தான்” என்றாள். பிறகு தோளைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் படம் எடுக்க இருத்துவதுபோல, என்னை நிமிர்த்தி வைத்தாள். “இப்பிடியே அசையாமல் போங்கோ.” போனேன். வண்டி ஒழுங்கையின் நடுவில் நேராகப் போனது.

அவளுடைய பாரம் முழுவதும் இத்தனை வருடங்களாக இடப்பக்கம் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அதைச் சமாளிக்க நான் வலப்பக்கம் சரிந்து சரிந்து, அதுவே என் உட்காரும் முறை ஆகிவிட்டது. அவள் இறங்கிய பிறகும் நான் சரிந்தபடியே ஓடியிருக்கிறேன். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை, எனக்குத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

“அப்ப என்ர பாரம் அவ்வளவோ?” என்று அவள் சிரித்தாள். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அவளாகவே தொடங்கினாள்.

“நீங்கள் சரிஞ்சது எனக்குத் தெரியாது. எனக்கு உங்கட முதுகும் தெரியாது, வலப்பக்கமும் தெரியாது. நான் கண்டதெல்லாம் இடப்பக்கம்தானே.”

முதலில் விளங்கவில்லை. அவள் விளங்கப்படுத்தினாள். பக்கவாட்டாக இருப்பவளுக்கு முகம் இடப்பக்கம். வலப்பக்கம் இருக்கிற கோயிலோ குளமோ வயலோ அவளுக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்பினால் என் தோள்தான் தெரியும். பயணம் போய்வந்து, “அந்தக் குளத்தில தாமரை பூத்திருந்ததைக் கண்டனீரே?” என்று நான் கேட்கும்போதெல்லாம் அவள் திருதிருவென்று விழிப்பாள். வழியில் நித்திரை கொண்டுவிட்டாள் என்று நினைப்பேன். திரும்பும்போது புது வழியால் வருவோம் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒருநாளும் விடமாட்டாள். போன வழியாலேயே வர வேண்டும் என்று அடம்பிடிப்பாள். தெரியாத வழிக்குப் பயப்படுகிறாள் என்று ஐஸ் கம்பனியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். போகும்போது காணாத பக்கத்தை அவள் வரும்போது பார்த்திருக்கிறாள்.

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“சொன்னா என்ன செய்திருப்பியள்? வண்டியைப் பின்பக்கமா ஓடியிருப்பியளோ?”

“நேரா இருந்தா ரெண்டு பக்கமும் பாக்கலாமே” என்றேன். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீர்கொழும்புக்காரர் திரும்ப அழைத்தபோது நான் போனை எடுக்கவில்லை.

ஒரு கிழமை போயிருக்கும். அவள் அலுமாரியிலிருந்து மகளின் பழைய பஞ்சாபிச் சுடிதார் ஒன்றை எடுத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் கல்யாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். அவளுடைய உடுப்பில் தாய்க்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள். தைத்து முடித்து, அதை உடுத்திக்கொண்டு படலையைப் பூட்டச் சொன்னாள். முற்றத்தில் நிற்கும் வண்டியில் என்னை முதலில் இருத்திவிட்டு, சீமெந்துக் கல்லொன்றின் மேல் ஏறி, என் தோளைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட முயன்றாள். முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறை வலியில் முகம் சுருங்கியது. மூன்றாம் முறை ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் பார்த்து, “அக்கா, எங்க பயணம்?” என்றாள். “சும்மா, வண்டிக்குப் பாரம் பாக்கிறம்” என்று இவள் சொன்னாள்.

முதல் பயணத்துக்கு நேரம் குறித்ததும் அவள்தான். ஞாயிறு காலை, கத்தோலிக்கக் கோயிலில் பூசை நேரம். சனமெல்லாம் கோயிலுக்குள் இருக்கும், தெருவில் பார்க்க ஆள் இராது. ஞாயிறுப் பூசைக்குப் பதிலாகச் சனி பின்னேரப் பூசையைக் கண்டுவிட்டு வந்தாள். பாலத்தின் அந்தக் கரைவரை போய்த் திரும்புவது என்று பேச்சு.

பிரதான வீதிக்கு ஏறியதும் வண்டி வலப்பக்கம் போகத் தொடங்கியது. தோளில் ஓர் அடி விழுந்தது. “நேரா இருங்கோ.” நிமிர்ந்தேன். கொஞ்சத் தூரத்தில் மறந்து சரிந்தேன். திரும்ப அடி. பட்டினம் தாண்டும்வரை வாங்கிக்கொண்டுதான் போனேன். பாலத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளியது. அங்கே அவள் அடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பியது, பிறகு அந்தப் பக்கம் திரும்பியது. மகிழ்ச்சியா வலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இடுப்பில் வைத்த தகடு அசைந்தால் என்ன செய்வேன்?

பாலம் முடிந்து பெருநிலத்தில் ஏறியதும் ஓரமாக நிறுத்தினேன். வலப்பக்கம் பிரிந்தால் வங்காலை ஊருக்குப் போகிற வீதி. திருப்பினால் வீடு.

“நோகுதோ?”

“நோகுது.”

“அப்ப திருப்பட்டோ?”

“திரும்பினாலும் நோகும்தானே. நீங்கள் ஓடுங்கோ.”