பூனைக்கு ஒரு நடைவண்டி

எங்கள் ஊரில் செக்காலைப் பக்கம் இன்னும் சிலர் என்னை "பூனைக்கு வண்டி கட்டுன ஆளு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அத்தனை வருடம் ஆபீசில் உட்கார்ந்து நான் எழுதித் தள்ளியதெல்லாம் எனக்கு ஒரு பெயரையும் வாங்கித் தரவில்லை. ஒரு தக்காளிப் பெட்டி வாங்கித் தந்துவிட்டது.

நான் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவன். என் கையில் உளியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பதறிப்போய் என்னைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் ஏன் வண்டி கட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பூனையைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் போய்வந்த வழியில் மகள் எடுத்து வந்த குட்டி அது. பெயர் வைக்கவில்லை. "ஏய்" என்றால் வரும், வராமலும் இருக்கும். மகள் படிக்கக் கோயம்புத்தூர் போன பிறகு, வீட்டில் அடுத்த இளிச்சவாயன் யார் என்று பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. காலையில் நான் பால் வாங்கக் கிளம்பினால் எனக்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஏதோ அதன் வீட்டு வேலைக்காரன் பின்னால் வருவது போலத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். தெருமுனையில் ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டை நிறுத்தி ஒரு அம்மா மீன் விற்பார். பூனைக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். வயதாகிவிட்ட பிறகும் ஒரு நாள் அந்த நடையை விட்டதில்லை. இன்றைக்கு அந்தத் தெருவில் தனியாக நடக்கும்போது எனக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டே நடக்கிறேன். பழக்கதோஷம்.

ஒரு மழை நாளில் அது மாடிச் சுவரிலிருந்து தவறி விழுந்தது. இடுப்பெலும்பில் விரிசல். கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நடக்கவிடாமல் படுக்க வையுங்கள் என்றார்கள். படுத்தது. ஆனால் சாப்பிடவில்லை. பாலை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதே மீன்காரம்மாவிடம் அதே மீனை வாங்கி வந்து தட்டில் வைத்து, முள் எடுத்து, கையில் ஏந்தி, "சாமி, ஒரு வாய்" என்று தரையில் படுத்துக் கெஞ்சினேன். சுவரைப் பார்த்துக்கொண்டது.

இரண்டு நாள் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுப்போகும் சார். நாளைக்குக் காலையிலயும் சாப்பிடலைன்னா பத்து மணிக்குத் தூக்கிட்டு வாங்க, மூக்கு வழியா குழாய் விடணும். வயசான உடம்பு. தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பும்போது ஆட்டோவில் எனக்கு வியர்த்த வியர்வையில் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், நோயாளி நீங்களா பூனையா?" என்று கேட்டார்.

அது தெருமுனையில்தான் சாப்பிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினேன். வலியில் என் தோளில் நகத்தை இறக்கியது. ஆட்டாமல் அசைக்காமல் படுத்தபடியே போக வேண்டும். அப்படியானால் வண்டி.

பரணில் மகளின் நடைவண்டி இருந்தது. மூன்று சக்கரம், மரச்சட்டம், அவள் பிடித்து நடந்து நடந்து வழவழப்பான கைப்பிடி. அதை இறக்கி அதன் மேல் பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டியை வைத்துக் கயிற்றால் கட்டினேன். நான் குனியாமல் தள்ள மாப்புக் கட்டையை ஆணி அடித்துச் சேர்த்தேன். சக்கரம் கடகடக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன். அடித்த ஆணியில் பாதி உள்ளே போனது, மீதி கும்பிடு போட்டது.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன செய்றீக? அது பேரப்புள்ளைக்குன்னு வச்சிருந்தது."

"பேரன் வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துருவேன்."

"ஆணி அடிச்சா குடுப்பீக? மாப்பை வேற எடுத்துட்டீக. நாளைக்கு வீட்டை நீங்களே நாக்கால துடைங்க."

சொல்லிவிட்டு, கயிற்றின் மறுமுனையை அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கையில் கைப்பிடியைக் கட்டைவிரலால் தடவியதைப் பார்த்தேன். மகள் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டு நடையில் தூணில் போய் மோதி, அந்தத் தூணையே திட்டிய காலம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் அரிசிப் பையை வைத்து ஒத்திகை. வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. பூனையைத் துண்டோடு மெல்ல நகர்த்திப் பெட்டிக்குள் விட்டேன். முகர்ந்தது. கன்னத்தை ஓரத்தில் தேய்த்தது. கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு ஊரையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீடுகளில் சக்கரம் வைத்த எதுவும் பூசை போடாமல் வாசல் தாண்டாது. மாட்டு வண்டி, சைக்கிள், கார், எதுவானாலும் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் தெரு. சாதாரண நாளில் நான் இதையெல்லாம் கேலி பேசுகிறவன். அன்றைக்கு என் பயம் என்னைவிடப் பக்திமானாக இருந்தது.

"பூனைக்கு வண்டியே அதிகம். இதுல எலுமிச்சம்பழம் வேறயா?" என்றாள் மனைவி.

"இன்னைக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது."

பூனையைப் பாயில் இறக்கினேன். மூன்று சக்கரத்துக்கும் மூன்று பழம். வண்டியைத் தள்ளினேன். பழம் நசுங்கவில்லை, உருண்டது. வண்டி எடை பத்தவில்லை. மறுபடி வைத்து, மாப்புக் கட்டையைப் பிடித்து என் முழு உடம்பையும் அழுத்தினேன். டப், டப், டப். சாறு சக்கரத்தில், ட்யூபில், பெட்டியில், துண்டில், என் கண்ணில். கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டு, பூனையைத் திரும்ப ஏற்றப் போனேன்.

காதை மடக்கிச் சீறியது. பாதி உடம்பு அசையாத பூனை மீதிப் பாதியால் பின்னுக்கு நகர்ந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். "ஏறுச்சு, இறங்குச்சு, இப்ப ஏற மாட்டேங்குது. ஜுரம் வந்துருச்சோ? போயிருமோ?"

"அப்பா, மூச்சு விடுங்க. நடுவுல என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். "பூனைக்கு எலுமிச்சை வாசனையே ஆகாதுப்பா. பூனை வரக் கூடாதுன்னா அதைத்தான் தெளிப்பாங்க. நீங்க வண்டியை அதுலயே குளிப்பாட்டி வச்சிருக்கீங்க."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குடத்தை எடுத்துவந்தாள். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, வண்டியைப் பிறந்த பிள்ளையைப் போலத் திருப்பித் திருப்பிக் கழுவினோம். துண்டு வீணாகிவிட்டது. நான் போட்டிருந்த பனியனைக் கழற்றி விரித்தேன். அதில் மூன்று நாள் பயம் ஊறியிருந்தது. பூனை முகர்ந்து, இது அந்த இளிச்சவாயன்தான் என்று தெரிந்துகொண்டு படுத்துவிட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தால் மீன்காரம்மா கிளம்பியிருந்தார். தூரத்தில் மொபெட் திரும்புவது தெரிந்தது. ஓடினேன். கல் தரையில் வழுக்கிய வண்டி தார்ச் சாலையில் தன் இஷ்டத்துக்கு இடது பக்கமே இழுத்தது. "மீனு! மீனு!" என்று கத்திக்கொண்டே போனேன். ஒரு வீட்டம்மா பாத்திரத்தோடு வெளியே வந்து, என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஆத்தாடி!" என்று உள்ளே போய்விட்டார்.

டீக்கடை வாசலில் மொபெட் நின்றது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

மீன்காரம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதென்னண்ணே, சாமி ஊர்வலமா? நீங்க பாட்டுக்கு எலுமிச்சம்பழ வாசனையோட வாரீக."

ஒரு சாளை மீனை எடுத்துப் பூனையின் வாயருகே நீட்டினார். "தின்னு தாயி."

சுவரைப் பார்த்த அதே பார்வை. நானும் குனிந்து, "ஏய், சாமி, தங்கம்" என்றேன். டீக்கடையில் நின்றவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு கொஞ்சல் கொஞ்சினார்கள். அசையவில்லை. கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாகப் போகிறது. குழாய் என் மூக்கில் ஏறுவது போலிருந்தது.

மீன்காரம்மா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார். "தள்ளுங்கண்ணே. நான் என்னைக்கு இதுக்குக் கூப்பிட்டுக் குடுத்தேன்? களவாண்டுதானே தின்னும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாள்கூட அதற்கு மீன் கொடுத்ததில்லை. மொபெட்டுக்கு அடியிலிருந்து அது உருவும், அவர் திட்டுவார், நான் காசு கொடுப்பேன்.

மீனைப் பெட்டியின் விளிம்பில், பாதி வெளியே தொங்குகிற மாதிரி வைத்தார். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தராசைத் துடைப்பது போல நடித்தார். என்னையும் திரும்பச் சொன்னார். டீக்கடை முழுக்க எதிர்ச்சுவரைப் பார்த்தது.

பின்னால் பிளாஸ்டிக்கில் நகம் கீறும் சத்தம்.

"ஏய் களவாணி! போ அங்குட்டு!" என்று மீன்காரம்மா தெரு அதிரக் கத்தினார்.

நறுக் என்று முள் கடிபடும் ஓசை கேட்டது. பிறகு விடாமல் மெல்லுகிற ஓசை. திரும்பிப் பார்த்தேன். மீனைக் கவ்விப் பனியனுக்கு இழுத்துக்கொண்டு, காதைப் பின்னுக்கு மடித்து, எங்கள் எல்லோரையும் முறைத்தபடி தின்றுகொண்டிருந்தது. மீன்காரம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே இன்னொரு மீனை விளிம்பில் வைத்தார்.

போன் அடித்தது. மனைவி. "சாப்பிட்டாளா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

"என்னங்க, சொல்லுங்க. சாப்பிட்டாளா இல்லையா? அழுகுறீகளா? ரோட்டுல நின்னுக்கிட்டு அழுகாதீக."

"நான் ஏன் அழப் போறேன்? எலுமிச்சஞ்சாறு கண்ணுல பட்டுருச்சு" என்றேன்.

மீன்காரம்மா கழுத்தை நீட்டிப் போனுக்கு எட்டும்படி கத்தினார். "அக்கா, ரெண்டாவது மீன் ஓடுது! அண்ணனுக்குத்தான் ஒரு டீ சொல்லணும்!"