கரியமாணிக்கத்தில் தோற்ற கருவி

திருபுவனையில் சிறிய மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாதம் மரத்துப்போயிருக்கிறதா என்று அதிர்வு கொடுத்துச் சோதிக்கும் கருவி எங்களுடையது. ஷூ அணிந்து வேலை செய்யும் தொழிற்சாலை ஊழியர்களிடம் சரியாக வேலை செய்தது. கரியமாணிக்கம் கிராமத்தில் நடத்திய பரிசோதனை முகாமிலோ, சர்க்கரை நோயே இல்லாத விவசாயக் கூலி அஞ்சலையின் பாதமும் மரத்துவிட்டதாகக் காட்டியது.

அவர் சிரித்தார். "வெறுங்கால்ல கழனியில நிக்கிறவம்மா நானு. தோலு காய்ச்சுப் போயிருக்கு. இதுல இன்னா தெரியப் போவுது?"

அரசு ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பித்தபோது அந்த முகாமையே மறைத்துவிட்டேன். நேர்காணலில் ஓர் அதிகாரி கேட்டார்: "எல்லாமே சரியா இருக்குன்னா, எதை ஆராய மானியம் கேக்கறீங்க?"

அப்போதுதான் அஞ்சலையின் பாதத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இதைத்தானே மொதல்ல எழுதியிருக்கணும்?" என்றவர், திருத்தி அனுப்பச் சொன்னார்.

அடுத்த சுற்றில் மானியம் கிடைத்தது. காய்த்த தோலையும் கணக்கில் எடுக்கும் புதிய கருவியை முதலில் அஞ்சலையின் பாதத்தில்தான் வைத்தேன். "கூசுதும்மா" என்று காலை இழுத்துக்கொண்டார்.

இன்று எந்த விண்ணப்பமானாலும், எங்கே தோற்றோம் என்பதைத்தான் முதல் வரியில் எழுதுகிறேன். எழுதும்போது கை தயங்குவதில்லை.