கோபால்ட் வருமா, வராதா?

ஊர் குப்பையென்று தூக்கிப் போடும் பேட்டரியை உடைத்து, கரைத்து, வடிகட்டி, உலோகம் தெரிகிறதா என்று கண் பூத்துப்போவது எங்கள் தொழில். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆசிட் வாடையோடு வீடு திரும்பும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

குளியல்

எங்கள் ஷெட் சடையங்குப்பத்தில். பழைய இரும்பு வியாபாரம் பார்த்த தூத்துக்குடி அண்ணாச்சி, பேட்டரியிலிருந்து விலையுயர்ந்த கோபால்ட் உலோகத்தை எடுக்கலாம் என்று நான் சொன்னதை நம்பி ஷெட்டையே ஒதுக்கிக் கொடுத்தார். மிச்சம் சார்ஜ் இருந்தால் உடைக்கும்போது தீப்பிடிக்கும். அதனால் முதலில் உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து சரக்கு கொண்டுவரும் யூசுப் பாய் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போற பொணத்துக்கே ஒரு குளியல்தான். நீ இன்னாம்மா, நாள்கணக்கா ஊறவச்சிகினு கீற?"

கனம்

காயலான் கடைக்காரர்களுக்குக் கைதான் தராசு. கனமாக இருந்தால் நல்ல சரக்கு. ஈய பேட்டரி காலத்துப் பழக்கம். ஒருநாள் பாய், பேட்டரி ஆட்டோக்களில் கழற்றிய பெட்டிகளை இறக்கினார். ஒன்றைத் தூக்கினேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன ரகம் என்றுகூடப் பார்க்காமல் உடைத்து, உள்ளிருந்த கரும்பொடியை ஆசிட்டில் கரைத்தேன்.

கோபால்ட் இருந்தால் கரைசல் ரோஸ் நிறமாக வேண்டும். வந்ததோ வெளிறிய பச்சை. அந்த ரகத்தில் கோபால்ட்டே கிடையாது, இருப்பது இரும்பு. இன்னொரு லோடும் இப்படியானால் ஷெட்டைப் பழையபடி இரும்புக்கே திருப்பிவிடுவதாகச் சொன்ன அண்ணாச்சி, போகிறபோக்கில் ஒரு போடு போட்டார்.

"மூணு தலமொறையா நாங்க இரும்புதான் விக்கோம். நீ பேட்டரிய ஒடச்சு எனக்கு இரும்பையே எடுத்துத் தந்திருக்கியேம்மா."

நிறம்

அடுத்த லோடுக்குப் பாயிடம் கெஞ்சினேன். கனம் வேண்டாம், செல்போன் பேட்டரி மட்டும் போதும் என்றேன். இத்தனை லேசான சரக்கில் என்ன இருக்கப் போகிறது என்று முனகிக்கொண்டே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். ஊறவைத்து, உடைத்து, கரைத்து, வடிகட்ட ஆரம்பித்தபோது அண்ணாச்சியும் வந்து நின்றுகொண்டார்.

முதல் சொட்டு விழுந்தது. ரோஸ்! அப்புறம் தாரையாக, ரோஸ் சர்பத் கணக்காகக் குடுவை நிறைந்தது. நான் வெட்கமில்லாமல் கத்திவிட்டேன். பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷத்தை முகத்தில் காட்டும் வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, போர்டு எழுதும் பெயிண்டருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு ஏணியோட வா. 'பழைய இரும்பு'ங்கிறத அழிச்சிரணும்."

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது செல்போனைக் கீழே போட்டால், 'ஐயோ பாவம்' என்று வாய் சொல்வதற்குள் என் கண் அதன் பேட்டரி மேல் போய்விடுகிறது.