ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத படகு

பிசெர்த்தா பழைய துறைமுகத்தில் படகு தண்ணீரில் இறங்கும் நாளில் வேலைக்குப் போகிறவர்கள்கூட அரை மணி நேரம் தாமதமாகத்தான் போவார்கள். காபிக் கடை நாற்காலிகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்தே கிடக்கும். அங்கே உட்காரும் கூட்டத்துக்கு இரக்கம் கிடையாது. இறக்கிய படகு லேசாகச் சாய்ந்தாலும் பெயர் வைத்துவிடும். படகுக்கு அல்ல, சொந்தக்காரருக்கு. ‘சல்லடை’ என்று ஒருவரை இன்றும் கூப்பிடுகிறோம். அவர் படகு ஒழுகியது இருபது வருஷத்துக்கு முன்பு. அதை விறகுக்கு விற்றுக்கூடப் பதினைந்து வருஷம் ஆகிறது.

ஷெத்லிக்கு அந்தக் கூட்டத்திடம் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வீட்டில் இருந்தது.

பல் செட் கட்டுவது அவர் தொழில். முப்பத்தொரு வருஷமாக ஒரே மருத்துவமனையின் பின்கட்டில் மாவு குழைத்து, அச்சு வார்த்து, தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் மெல்லுகிறார்கள். டாக்டர் இல்லை, ஆனாலும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டோம். துடுப்பைக்கூடத் தொட்டறியாத அந்த மனிதர் ஐம்பத்தாறாம் வயதில், ஊரைவிட்டுக் கிளம்பிய பிரெஞ்சு வாத்தியார் ஒருவரிடம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டார். ஏழு மீட்டர், முழுக்க மரம், பெயர் மூவெத். மூன்று கோடைகளாகத் தகரக் கொட்டகையில் கிடந்தது. வாங்குமுன் பித்தளை விளக்கைத் துடைத்துப் பார்த்தார், பாயை விரித்துப் பார்த்தார், உள்ளே படுத்தும் பார்த்தார். பலகை உளுத்திருக்கிறதா என்று கத்தியால் குத்திப் பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதால் நஷ்டமில்லை. மரம் நன்றாக இருந்தது. இன்றைக்கும் மனசைப் பிசைவது அதுதான், மரம் நன்றாகவே இருந்தது.

விஷயத்தைச் சொன்னபோது மனைவி வசீலா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“மீன்காரன் மகளைக் கட்டி முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் கடல் ஞாபகம் வந்துச்சாக்கும்?”

“உன்னைத்தான் கூட்டிட்டுப் போகப்போறேன். முனையைச் சுத்தி, உங்கப்பா வலை போட்ட எடம் வரைக்கும்.”

“என் காலடியில ஒரு சொட்டுத் தண்ணி தெரிஞ்சுச்சு, எறங்கிடுவேன் மனுஷா. இப்பவே சொல்லிட்டேன்.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். ஷெத்லி அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார்.

படகுப் பட்டறை ரஊஃபுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கொட்டகைக்குள் வந்து மூவெத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பலகைகளுக்கு நடுவே வெயில் கோடு கோடாகத் தெரிந்தது.

“காஞ்சு போயிருக்கு, ஷெத்லி ஐயா. நோவு ஒண்ணுமில்ல. இடுக்குல இருக்குற பழைய பஞ்சுத் திரியை எடுத்துட்டுப் புதுசா திணிச்சுக் கலப்பத்து அடிப்போம். மேல மெத்துனு ஒரு பூச்சு. அப்புறம் கிரேன் கயித்துலயே தொங்கவிட்டு மூணு நாள் தண்ணில வைப்போம். மரம் குடிக்கும், ஊறும், தானா மூடிக்கும்.”

“மூணு நாளும் ஒழுகுமா?”

“குழாய் மாதிரி ஊத்தும். பம்பு போட்டுக்கலாம்.”

“எல்லார் கண்ணு முன்னாடியுமா?”

“கண்ணை மூடிக்கச் சொல்லுங்க.”

ஷெத்லி சிரிக்கவில்லை. “பல்லுல ஓட்டை விழுந்தா எச்சில்ல ஊறித் தானா மூடிக்கும்னு நான் எவனுக்காவது சொல்லியிருக்கேனா?”

“பல்லு வளராது டாக்டரே. பலகை வளரும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் தன்னைவிட இளையவன், அதுவும் கிண்டலோடு சொன்னது ஷெத்லியின் காதில் ஏறவில்லை.

ஐந்து வாரம் வேலை செய்தார். மாலையில் மருத்துவமனையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போவார். பல் குடையும் கொக்கிகளால் ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டி, சாராயம் நனைத்த பஞ்சால் துடைத்து, வசீலா முடி காயவைக்கும் மெஷினால் உலர்த்தினார். பிறகு இரண்டு டின் பிசினை அளந்து குழைத்து, காய்ந்தால் கல்லாகிற அந்தக் கலவையை மயிரிழை பாக்கியில்லாமல் ஏற்றினார். மேலே தேய்த்துத் தேய்த்து, விரல் வைத்தால் பலகை எங்கே முடிகிறது, அடைப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்தார். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் நேர்த்தியானது.

ரஊஃப் ஒருநாள் வந்து விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“என்னத்தப் போட்டீங்க?”

“கல்லு மாதிரி நிக்கும்.”

“அதான் பயமா இருக்கு. நாளைக்குப் பலகை ஊதினா எந்தப் பக்கம் போகும்?”

“ஊத விட்டாத்தானே?”

“உங்க படகு,” என்று சொல்லிவிட்டு ரஊஃப் போய்விட்டார்.

ஜூன் மாதம் இறக்கினார்கள். உறவுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். மீன் போட்ட குஸ்குஸ் பெரிய தட்டில் சுற்றியது, பெண்கள் குலவையிட்டார்கள். மூவெத் தண்ணீரைத் தொட்டது. ஷெத்லி உள்ளே குதித்து, அடிப் பலகையைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து மூலை மூலையாக நீட்டிப் பார்த்தார்.

“ஒரு சொட்டு இல்ல!”

“டாக்டர் படகுக்கே பல்லு கட்டிட்டாருடா!” என்று காபிக் கடையிலிருந்து ஒரு குரல். கூட்டம் கைதட்டியது. ஊர்ப் பத்திரிகையில் அந்தக் குரலையே தலைப்பாக்கி நான்தான் செய்தி எழுதினேன். ரஊஃப் பக்கத்து மேசையில்தான் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அச்சுக்குக் கொடுக்க இருபது நிமிடம்தான் இருந்தது.

வசீலா தோளில் பெரிய பையோடு ஏறினார். பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். முனைவரை போய்த் திரும்பினார்கள். பாய் பக்கம் மாறும்போதெல்லாம், “தலையைக் குனி மனுஷா!” என்ற சத்தம் கரைக்கே கேட்டது. திரும்பி வருகையில் சுக்கானைப் பிடித்திருந்தது வசீலாதான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஷெத்லிக்கு ‘டக்’ என்று கேட்டது. ஏதோ விழுந்தது என்று தேடினார். மறுபடி ‘டக்’. மூன்றாவது சத்தத்துக்கு அடிப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ரஊஃப் ஓடிவந்தார். கிரேனில் தூக்கிக் கரையில் வைத்தபின் உள்ளே இறங்கி விரலால் எண்ணினார். பலகைகளைத் தாங்கும் விலாச் சட்டங்கள் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் ஒடிந்திருந்தன. பதினான்கு. ஊறிய பலகைக்கு விரிய இடமில்லை. கல்லாகிவிட்ட பிசினை நெருக்க முடியாமல் பலகை வெளியே தள்ளிக்கொண்டு போய் விலாவை ஒடித்திருந்தது.

“வேற விலா போட முடியாதா?”

“பிசினு பலகையோட ஒண்ணாயிடுச்சு, ஷெத்லி ஐயா. அதை எடுத்தா பலகை ஓரமும் கூட வரும். புதுசா ஒரு படகு கட்டுறதும் இதுவும் ஒண்ணுதான்.” மேலே ஏறிவந்து, “அன்னிக்கு நான் சண்டை போட்டிருக்கணும்,” என்றார்.

மறுநாள் ஷெத்லியும் வசீலாவும் சாமான்களை இறக்கினார்கள். பெஞ்சுக்கு அடியில் வசீலாவின் பை அப்படியே இருந்தது. உள்ளே, ஆலிவ் எண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி மரப்பிடி போட்ட ஒரு சாமான். விளிம்பு கையில் படாதபடி மடக்கித் தட்டியிருந்தது.

“இது என்ன?”

“தண்ணி எறைக்க. எங்கப்பாவோடது.”

“நீதானே ஒரு சொட்டு பாத்தாலும் எறங்கிடுவேன்னே?”

“என்னை ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டு வந்து நின்னா வேற எப்படிச் சொல்லுவாங்க? ஒழுகாத மரப் படகை நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. அன்னிக்கு உள்ள காஞ்சு கெடந்தப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே வசீலா.”

“அந்தக் கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டு அம்புட்டு சந்தோஷமா நின்னே. எப்படிச் சொல்ல?”

காபிக் கடைக் கூட்டம் ஷெத்லிக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அவர் நடந்து போனால் பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும்.

மூவெத் பட்டறைக்குப் பின்னால் முட்டுக் கட்டைகளின் மேல் நிற்கிறது. பலகைகள் மறுபடி காய்ந்து சுருங்கி, ஓரங்களில் வெடித்துவிட்டன. அவர் அடைத்தது மட்டும் ஓர் இடத்தில்கூட விலகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஷெத்லி அங்கே போவார். சில நாள் அந்த அடைப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.