வாலில் இருந்த நீலம்

முருகேசன் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது இராமநாதபுரம் பேருந்து நிலையச் சுவர்தான். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியின் நடுவில் அவர் முகம், சுற்றிலும் அகலமாக நீலக் கரை. முகத்தைப் பார்த்ததும் அழுதேன். அடுத்து அந்தக் கரையைப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது. அது என் அய்யாவின் படகு நீலம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் கடை வைத்து, பாதி ஊருக்குக் கல்யாணப் பத்திரிகை செய்து கொடுத்தவர். நல்ல மனிதர் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவர் சொந்தக் கடை வைப்பதற்கு முன், தொண்ணூறுகளில், நாங்கள் இருவரும் இராமநாதபுரத்தில் வேறொருவர் கடையில் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி வேலை பார்த்தோம். படம் வரைவது நான். சாயங்காலம் பிளாப்பியில் காப்பி எடுப்பது அவர். நான் எங்கள் ஊரான தங்கச்சிமடத்துக்குக் கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்ததால் வந்த ஏற்பாடு அது. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் மீன்குழம்பைப் பிடுங்கித் தின்றுவிட்டு, "பாலம் தாண்டி வந்த கொழம்புக்கு ருசியே தனி" என்பார்.

அப்போது படங்களை பிசிஎக்ஸ் என்ற வகைக் கோப்பில் சேமிப்போம். படம் முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்கிற பட்டியல் கோப்பின் கடைசியில் தனியாக இருக்கும். அதிலும் பதிப்புகள் உண்டு. ஐந்தாம் பதிப்பில் இருநூற்று ஐம்பத்தாறு நிறங்களுக்குப் பட்டியல் இருக்கும். மூன்றாம் பதிப்பில் பட்டியலே கிடையாது. நான்காம் பதிப்பை எங்கள் கடையில் நான் பார்த்ததேயில்லை. "நாலு எங்கண்ணே?" என்று கேட்டேன். "வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கும், வரும்" என்றார். பிறகு, "கலரு வாலுலதான் இருக்கு தங்கச்சி. வாலப் பத்திரமா பாத்துக்க" என்று சொல்லிக்கொடுத்தார். வாலை அவர் கையில்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

எங்கள் கரையில் நிற்கும் பெண்கள், தூரத்தில் வரும் படகை நிறத்தை வைத்துத்தான் தங்களுடையது என்று கண்டுகொள்வார்கள். அய்யா மிச்சம் கிடந்த இரண்டு பெயிண்டுகளைக் கலந்து தனக்கென்று ஒரு நீலம் உண்டாக்கியிருந்தார். பச்சை லேசாக ஓடும் நீலம். கடையில் கிடைக்காது. ஒருநாள் அந்தப் படகு திரும்பவில்லை. அய்யாவும் திரும்பவில்லை. ஒரு பலகை மட்டும் கரை ஒதுங்கியது.

கோயில் திருவிழா நோட்டீசுக்காக ஊர்ப் படகுகள் அத்தனையையும் ஒரே படமாக வரைந்தேன். மூன்று மாதம் ஆனது. கடைசியாக அய்யாவின் படகு. பலகையைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். முருகேசன் அண்ணன் அதை மானிட்டருக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். "இன்னும் கொஞ்சம் பச்ச ஏத்து தங்கச்சி" என்றார். ஏற்றினேன். திரையும் பலகையும் ஒன்றாயின. கோப்பில் இருக்கிறதே என்று அந்த எண்களைத் தனியாகக் குறித்து வைக்கவில்லை. கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்.

அந்த வாரத்தில் அய்யாவின் முதலாண்டுப் பூசை வந்தது. உடல் கிடைக்காததால் அந்தப் பலகையைப் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். அதை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. "நெறம் எங்கிட்ட இருக்கும்மா" என்று சொல்லித்தான் வாங்கினேன்.

பூசை முடிந்து கடைக்குப் போய்ப் படத்தைத் திறந்தால், படகுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, நிறங்கள் ஏதேதோ. அய்யாவின் படகு ரோஜா நிறத்தில் நின்றது. "தெரியாம மூணாம் பதிப்புல சேவ் பண்ணிட்டேன் தங்கச்சி. வாலு போயிருச்சு. வேற காப்பியும் இல்ல" என்று கண் கலங்கினார். நான்தான் அவரைத் தேற்றினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். சில மாதத்தில் அவர் தனிக்கடை போட்டார்.

பின்னாளில் தம்பி படகு வாங்கியபோது, அய்யாவின் நீலத்தையே அடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். கலந்து கலந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கரையில் நின்று பார்த்துவிட்டு, "இது ஒங்கய்யா நீலம் இல்லத்தா" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுவரொட்டியைப் பார்த்த அன்றே துக்கம் விசாரிக்கப் போனேன். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று அண்ணன் மனைவியிடம் கேட்டேன். மதினி கடையைத் திறந்து, கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். "இதுல இருந்து எடுத்ததுதான். இதுதான் அவரு மொதமொத வரஞ்ச படம். மதுரையில இதக் காட்டித்தான் கடைக்குப் பணம் போட ஆளு பிடிச்சாரு" என்றார். எங்கள் ஊர்ப் படகுகள் அத்தனையும் அவற்றின் நிறத்தோடு நின்றன. ஐந்தாம் பதிப்பு. வால் பத்திரமாக இருந்தது.

முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார் மதினி. நடந்ததைச் சொன்னேன். "உள்ளத எழுதும்மா. நானே போடுறேன்" என்றார். அந்தப் பெண்ணுக்காகவாவது இதை எழுதாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

கோப்பில் இருந்த மூன்று எண்களைத் திரையில் வைத்துப் பார்த்துப் பெயிண்ட் கலந்தோம். தம்பியின் படகு இப்போது அந்த நீலத்தில்தான் ஓடுகிறது. அது அண்ணன் தந்தது என்று எண்ண மாட்டேன். அது எங்களுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கை வலிக்க அவர் பலகையைப் பிடித்து நின்ற அந்த மத்தியானத்தை. அந்த நீலம் எனக்கு என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்தும் செய்தார் என்பதும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

அண்ணே, கேட்டிருந்தால் படத்தைக் கொடுத்திருப்பேன். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருப்பேன். மூன்று எண்கள்தானே. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெயர்கூடப் போடாமல், இராமேஸ்வரம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தால், அம்மா பார்த்துவிட்டுப் போயிருப்பார்.