சாளை இல்லாமல் தூக்கம் வராது

எங்கள் அத்தான் ஏசுதாஸுக்கு எல்லா நல்ல குணமும் உண்டு. குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவற மாட்டார். எந்த ஓட்டை ஜீப்பைக் கொடுத்தாலும் எந்த மேட்டிலும் ஏறுகிற மாதிரி மாற்றித் தருவார். ஒரே ஒரு கோளாறுதான். ஒருவர் சொன்னதை இரண்டாவது தடவை கேட்க மாட்டார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்பது தொழில் தெரிந்தவனுக்குக் கேவலம் என்று நினைப்பு. முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே தலையை ஆட்டி, "புரிஞ்சிட்டு" என்று சொல்லிவிடுவார். அவர் "புரிஞ்சிட்டு" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்பது சித்திரபுரத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு யார் சொல்வது?

நான் ரிஜின். அவர் மனைவி ஞானஜோதிக்குத் தம்பி. டூரிஸ்டுகளை ஜீப்பில் ஏற்றி, மலைப்பாதையில் நன்றாகக் குலுக்கி, உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து விடுவது என் பிழைப்பு. அத்தானைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் மாற்றிக் கொடுத்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன். இன்னும் சாகவில்லை.

அத்தான் பிறந்தது தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா பாக்டரியில் இலை வாட்டினார். இவர் எஸ்டேட் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டார். ஒரு நாள் சூப்பர்வைசர் சொன்னதை ஒரே தடவை கேட்டுக்கொண்டு போய், நல்ல டிராக்டரை இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டார். அறுக்க வேண்டிய டிராக்டர் பக்கத்தில் சும்மா நின்றது. அன்றோடு வேலை போயிற்று. சித்திரபுரம் வளைவில் சொந்தமாக ஷெட் போட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "அப்பத்தான் சுயதொழில் தொடங்கினேன்" என்பார்.

கொச்சியிலிருந்து ஒருவர் வந்து, "வண்டியைக் கொஞ்சம் உயர்த்தணும்" என்றார். அடியில் கல் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. அத்தான் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி, லாரிக்குப் போடுகிற மாதிரி டயர் மாட்டி, உயர்த்து உயர்த்தென்று உயர்த்திவிட்டார். அந்த மனிதரின் மனைவி ஏற முடியாமல் நடுரோட்டில் நின்று அழுதாள். வண்டியை இறக்கினாரா என்றால், இல்லை. ஒரு ஏணி செய்து மாட்டிக் கொடுத்தார். ஜிபின் என்று ஒரு ஏலத்தோட்டக்காரன், சேற்றில் மாட்டினால் வண்டி தன்னைத்தானே கம்பிக் கயிற்றால் இழுத்துக்கொள்ளும் வின்ச் வேண்டும் என்றான். எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. பின்பக்கம் மாட்டிவிட்டார். ஜிபின் எத்தனை தடவை ஆற்றில் இறங்கினாலும் கிளம்பிய கரைக்கே பத்திரமாக வந்து சேர்ந்தான்.

வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கூடவே சண்டையும் வந்தது.

கடைசியில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. மேலே ஒரு ரிசார்ட்டில் அத்தானுக்கு டிரைவர் வேலை பேசி முடித்துவிட்டு வந்தாள். அங்கே மேனேஜர், அத்தான் வேலையில் சேர்வதற்கு முன்னாலேயே தொப்பியைக் கொடுத்தனுப்பினார். வெள்ளைத் தொப்பி, நெற்றியில் தங்க நிறக் கயிறு. விருந்தாளி இறங்கும்போது கதவைத் திறந்து பிடித்து சல்யூட் அடிக்க வேண்டுமாம். அக்கா அதை ஷெட்டில் வெல்டிங் கண்ணாடி தொங்குகிற அதே ஆணியில் மாட்டினாள்.

"அடுத்த வண்டியும் திரும்பி வந்துச்சுன்னா ஷெட்டப் பூட்டிட்டு இதத் தலையில வச்சிட்டுப் போறீக. இனி எனக்கு ஊர்க்காரன் கூடச் சண்ட போடத் தெம்பு இல்ல."

அத்தான் அதற்கும், "புரிஞ்சிட்டு" என்றார். ஆனால் அதற்கப்புறம் வெல்டிங் கண்ணாடியை எடுக்கும்போது ஆணிப் பக்கம் பார்க்கவே மாட்டார். கையால் துழாவித்தான் எடுப்பார். எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த ஷெட்டை மூடினால் மனிதர் சோறு தின்பார், சல்யூட் அடிப்பார், ஆனால் ஆள் இருக்க மாட்டார்.

அந்த அடுத்த வண்டியைக் கொண்டுவந்தவர் கமலாத்தாள். கோவிந்தாபுரம் பக்கத்தில் தென்னந்தோப்பும் வயலும் வைத்திருக்கிற குடும்பம். ஐம்பதைத் தாண்டிய அம்மா. பழைய டீசல் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு மலையேறி வந்து, சேலையை உதறிவிட்டு இறங்கினார். நான் அப்போது ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, வண்டிக்கு ஏணி வெச்ச ஆளு நீங்கதானுங்களா? நெல்லியாம்பதியில அந்த வண்டியைப் பாத்தேனுங்க. அப்படி ரோசனை பண்ற ஆளைத்தான் தேடிட்டு வாரேன்."

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உலகத்தில் அந்த ஏணியைப் புகழ்ந்த ஒரே ஜீவன்.

"கண்ணாலமாயி இத்தனை வருசத்துல எங்க ஊட்டுக்காரரு சாளையில்லாம ஒரு ராத்திரி தூங்குனதில்லீங்க. எங்கியாச்சும் போலாம் வாங்கன்னா, சாளையை உட்டுப்போட்டு எப்படி வாரதுங்கறாரு. எந்தங்கச்சி கண்ணாலத்துக்கே பொழுது சாயறதுக்குள்ள திரும்பிப்போட்டாரு. எனக்கு லடாக்கு வரைக்கும் போயிப் பனியைப் பாக்கோணுங்க. அவரோட போயித்தான் பாக்கோணும். அதனால சாளையையும் வண்டியிலயே கொண்டுட்டுப் போயிரலாம்னு முடிவு பண்ணிப்போட்டேன்."

எங்கள் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். எங்களுக்குச் சாளை என்றால் மீன். சிலர் மத்தி என்பார்கள். குழம்பு வைத்தால் மூன்று வீடு தள்ளி வாய் ஊறும். அத்தானும் சாளை இல்லாமல் சோற்றில் கை வைக்காத ஜாதிதான். ஆகவே முன்பின் பார்க்காத அந்த மனிதர்மேல் அவருக்கு அங்கேயே பாசம் பிறந்துவிட்டது.

"பின்னாடி சீட்டையெல்லாம் கழட்டிப்போடுங்க. ஆறடி நீளம், நாலடி அகலம் இருந்தாப் பத்துமுங்க. வெயிலு எறங்கக்கூடாது, மழைத்தண்ணி பூரக்கூடாது, எலி வந்துரக்கூடாது. கொஞ்சம் பொகை வாசம் இருந்தா அவருக்கு இன்னும் புடிக்குமுங்க."

"புரிஞ்சிட்டு," என்றார் அத்தான்.

கமலாத்தாள் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் கிளம்பினார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "ஆறடிக்கு நாலடி சாளையா அத்தான்? ஒரு மனுசன் திங்கிற அளவா இது? இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்லா."

"லடாக்கு வரைக்கும் போய்ட்டு வரணும்டே. அங்க பனி மேல எவன் சாளை விப்பான்?"

அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

அத்தான் அந்த வண்டிக்குச் செய்தது போல எந்த வண்டிக்கும் செய்ததில்லை. அலுமினியத் தகட்டில் ஆறடிப் பெட்டி. இரண்டு தகட்டுக்கு நடுவில் தெர்மோகோல். மேலே ரப்பர் பட்டை வைத்த மூடி. ஐஸ் உருகிய தண்ணீர் வடிய அடியில் ஓட்டை, அதற்கு அடைப்பு. புகை வாசம் கேட்டதால் ஓரத்தில் சின்ன அடுப்பும் புகைக்குழாயும். ஐஸ் கனத்தைத் தாங்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டார். மேலே கேரியர், பக்கத்தில் டீசல் கேன் மாட்டுகிற தாங்கி, முன்பக்கம் வின்ச். ஆமாம், இந்தத் தடவை முன்பக்கம். பிறகு பெட்டி நிறையச் சாளையும் ஐஸும் நிரப்பி, தேவிகுளம் வரை போட்டு உலுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மீன்கூட நசுங்கவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சாளைதான். பூனைகள் ஷெட்டைச் சுற்றிக் குடும்பத்தோடு குடியேறின.

வண்டியை எடுக்க கமலாத்தாள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் பொங்கியண்ணன். நெடுநெடுவென்ற மனிதர், பேச்சு என்பது சுத்தமாகக் கிடையாது. பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் வந்திருந்தார். வந்ததிலிருந்து சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு மூடியைத் திறந்தார். குப்பென்று வாடை அடித்தது. கமலாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது என்னங்க இது?"

"சாளைப் பெட்டிம்மா. ஐஸ் போட்டா லேசுல கரையாது."

"சாளைக்கு எதுக்குங்க ஐஸு?"

"ஐஸ் இல்லன்னா நாறிப்போயிரும்லாம்மா."

"சாளை எப்படிங்க நாறும்? வாரந்தவறாம நானே சாணி போட்டு மெழுகறேன்!"

அத்தானின் சிரிப்பு அப்படியே நின்றது. சாளைக்குச் சாணி மெழுகுகிற குடும்பத்தைக் கற்பனை செய்ய அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. என் அத்தான் ஏசுதாஸ், வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டாவது கேள்வி கேட்டார்.

"அம்மா... சாளைன்னா என்னம்மா?"

"சாளைன்னா சாளைதானுங்க! தோட்டத்துல மாடு கட்டற கட்டுத்தரைக்குப் பக்கத்துல ஓலை வேஞ்ச குடிசை. ராத்திரிக் காவலுக்கு இவரு படுத்துக்கற எடம். நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"மீனு," என்றேன் நான்.

கமலாத்தாள் கத்தினார். நியாயமாகவே கத்தினார். புரட்டாசி மாசத்தில், தன் சொந்த வண்டியில், மீன் நாற்றத்தை எதிர்பார்த்து அவர் மலையேறவில்லை. சத்தம் கேட்டு அக்கா வீட்டிலிருந்து வந்தாள். விஷயத்தை நான் சொன்னதும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஷெட்டுக்குள் போய், ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அத்தான் தொப்பியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அத்தான் நிமிர்ந்தார். நேராகப் பொங்கியண்ணனிடம் போனார்.

"அய்யா, உங்க சாளையில என்னென்ன இருக்கும்? நீங்களே சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

பொங்கியண்ணன் சூரியனை விட்டுக் கண்ணை எடுத்தார். அந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்கிற மாதிரி நின்றார்.

"ஒரு கட்டலு. தலைமாட்டுல ஒரு சந்து, தோப்பு தெரியும். அவ்வளவுதானுங்க." கொஞ்சம் யோசித்தார். "கெணத்து மோட்டாரு ஓடற சத்தம் கேக்கோணும். அது கேட்டாத்தான் தூக்கம் வரும். நின்னுபோச்சுன்னா முழிச்சுக்குவேன்."

"மோட்டாருச் சத்தமா?" கமலாத்தாள் திகைத்துப்போனார். "அதுக்காகவா எந்தங்கச்சி கண்ணாலத்துல இருந்து ஓடியாந்தீங்க? இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதுங்களா?"

"நீ கேக்கலியே," என்றார் பொங்கியண்ணன்.

அத்தான் ஓடிப்போய் ஜீப்பை ஸ்டார்ட் செய்தார். டீசல் இன்ஜின் ஒரே சீராகத் தடதடத்தது. பெட்டிக்குள் கோரைப்பாயை விரித்து, "ஒரு நிமிசம் படுத்துப் பாருங்க அய்யா" என்றார்.

"நாத்தமடிக்குதுங்க," என்றார் கமலாத்தாள்.

"கட்டுத்தரைப் பக்கத்துல படுக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு நாத்தமா?" என்று சொல்லிவிட்டுப் பொங்கியண்ணன் ஏறிப் படுத்தார். காலை நீட்டினார். சரியாக ஆறடி. அவர் மனைவி அளவு தப்பாகச் சொல்லவில்லை. கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

பட்டப்பகலில், சித்திரபுரத்தில், சாளைப் பெட்டிக்குள் மனிதர் அயர்ந்து தூங்கினார். கமலாத்தாள் பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்ஜினை நிறுத்தலாமா என்று கையைக் கொண்டுபோனேன். படாரென்று கையில் கமலாத்தாளின் அடி விழுந்தது.

"நிறுத்துனீங்கன்னா பாத்துக்கோங்க!"

வெயில் பொங்கியண்ணன் முகத்தில் விழுந்தது. கமலாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கா கையில் இருந்த தொப்பியை, ஒரு வார்த்தை கேட்காமல் வெடுக்கென்று பிடுங்கி, புருசன் முகத்தின்மேல் வைத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

அக்கா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தூங்குகிறவரை எழுப்பாமல், கிசுகிசுவென்று கேட்க ஆரம்பித்தார். "அம்மா, சந்து எந்தப் பக்கம் வெட்டணும்? எந்த உயரத்துல? ஒரு கை அளவா, ரெண்டு கை அளவா? எந்தக் கை?" கமலாத்தாளே ஒரு கட்டத்தில், "போதுமுங்க, புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டார். "இல்லம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் அத்தான்.

மூடியைக் கழற்றி, வெயிலுக்கும் மழைக்கும் சாய்ப்பாக வைத்தார். மலைக்குளிருக்குத் தெர்மோகோல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். தலைமாட்டில் சந்து வெட்டினார். பெட்டியை எலுமிச்சையும் சாம்பலும் போட்டு அக்காவே தேய்த்துக் கழுவினாள். இரவெல்லாம் டீசலை எரிக்க முடியாதே. அதனால் புகைக்குழாயில் பேட்டரியில் ஓடுகிற ஒரு பழைய விசிறியை மாட்டினார். பேரிங் தேய்ந்த விசிறி. வேண்டுமென்றே எண்ணெய் போடவில்லை. அது போட்ட சத்தத்தில் கிணற்று மோட்டார் தோற்றது.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். வண்டி திரும்பி வரவில்லை. ஷெட் திறந்தே இருக்கிறது, ஆணியில் வெல்டிங் கண்ணாடி மட்டும் தொங்குகிறது. அத்தான் இப்போது ஒரு நட்டு மாற்றுவதற்கே இருபது கேள்வி கேட்டு ஆளைக் கொல்கிறார்.

போன வாரம் ரிசார்ட் மேனேஜர் ஆள் அனுப்பினார். வேலைக்கு வராவிட்டால் தொப்பியையாவது திருப்பித் தர வேண்டுமாம்.

அக்கா சாளைக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அது லடாக்குல தூங்குது. எழுப்பாதீக."